பதநீருக்கு சைடு டிஷ் என்ன? பிரெஞ்சு ஒயின் சொல்லித்தரும் ஃபார்முலா!

ரீல்ஸ்ல அடிக்கடி பார்த்திருப்பீங்க. தங்க நிறத்தில் ஒரு கிளாஸ் ஒயிட் ஒயின், பக்கத்தில் நீலப் பூஞ்சை படிந்த ஒரு துண்டு சீஸ். அந்த ஒயின் பெயர் சோட்டேர்ன். பிரான்ஸின் போர்டோ நகருக்குத் தெற்கே தயாராகிறது. கூட இருப்பது ரோக்ஃபோர் சீஸ், செம்மறி ஆட்டுப்பாலில் செய்த உப்புக்கட்டி. உலகம் கொண்டாடும் ஜோடி இது.

ஒயினை விடுங்க. அந்த ஃபார்முலா நம்ம பதநீருக்கும் அப்படியே பொருந்தும் என்பதுதான் மேட்டர்!

ரெண்டும் ஒரே கதை

சோட்டேர்ன் பகுதியில் காலைப் பனிமூட்டத்தால் திராட்சையில் ஒருவகைப் பூஞ்சை பிடிக்கும். பழத்தின் நீர் வற்றி, சர்க்கரை செறிவாகிவிடும். சாற்றை நொதிக்கவிட்டால், ஈஸ்ட் மொத்தச் சர்க்கரையையும் தின்று முடிக்க முடியாமல் நின்றுவிடும். அதனால்தான் ஒயினில் இனிப்பு மிச்சமிருக்கு.

இப்போ புதியம்புத்தூர், ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கம் வாங்க. பனைப் பாளையைச் சீவி, கலயத்தைக் கட்டுறாங்க. சும்மா விட்டால் காற்றில் இருக்கும் ஈஸ்ட் சேர்ந்து அது கள்ளாகிடும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைபடும். இனிப்பு தப்பிக்கும். அதுதான் பதநீர். லிட்டருக்கு ஏறக்குறைய 100 கிராம் சர்க்கரை இருக்கும். சோட்டேர்னில் பெரும்பாலும் அதைவிட அதிகம்.

எதோட சேரும்?

உப்பு, காரம்: உப்பு இனிப்பைத் தூக்கிக் காட்டும், இனிப்பு காரத்தை அடக்கும். சாத்தூர் காராச்சேவு ஒரு வாய், பதநீர் ஒரு மடக்கு... முயற்சி செஞ்சு பாருங்க. ரோக்ஃபோர் மாதிரி வாசனையோட வேணும்னு நினைக்கிற தைரியசாலிகளுக்கு, சுட்ட கருவாடு!

புளிப்பு: உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட மாங்காய்க் கீற்று. பதநீரில் புளிப்பு கிடையாது. அந்தக் குறையை மாங்காய் நிரப்பிடும்.

நுங்கு: இது ருசிக்காக இல்லை, பதத்துக்காக. வழுவழுன்னு நுங்கு மிதக்கும் பதநீருக்கு அறிமுகமே தேவையில்லை.

எதோட சேராது?

கோவில்பட்டி கடலைமிட்டாய்! 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர் பெருமைதான். ஆனா ஒயின் உலகின் முக்கிய விதி இது: உணவைவிட பானம் இனிப்பா இருக்கணும். கடலைமிட்டாய் கடிச்சிட்டு பதநீர் குடிச்சா, பதநீர் சப்புன்னு ஆகி, சுண்ணாம்பு வாடை மட்டும் முன்னால நிக்கும். மிட்டாயைச் சாயங்கால டீக்கு வெச்சுக்கோங்க.

வாங்கும்போது கவனம்

நல்ல சோட்டேர்ன் பாட்டிலில் பல பத்தாண்டுகள் தாங்கும். பதநீருக்கு சில மணி நேரம்தான். வெயில் ஏற ஏற ருசி மாறும். அதனால காலையிலேயே வாங்கிடுங்க. கோடைதான் சீசன். மழைக்காலத்தில் 'ஃப்ரெஷ் பதநீர்'னு யாராவது நீட்டினா சந்தேகப்படுங்க. தண்ணீரில் சாக்கரின் கலந்து விற்கிறவங்களும் இருக்காங்க. 'எந்த ஊர் மரத்துல இறக்கினது?'னு தயங்காமக் கேளுங்க. சுண்ணாம்பு அடியில் தங்கினதும், தெளிந்ததை மட்டும் குடிங்க. 200 மில்லியிலேயே 20 கிராம் சர்க்கரை இருக்கும். சுகர் உள்ளவங்களுக்கு இது வேண்டாம்.

ஒரு பனைக்குத் தினமும் காலையும் மாலையும் ஏறி இறங்கணும். அந்த வேலைக்கு அடுத்த தலைமுறை வர்றது குறைஞ்சுக்கிட்டே போகுது. விலை கட்டுப்படியானாதான் அவங்க தொடர்ந்து ஏறுவாங்க. மரமும் பனைத் தொழிலும் நிலைக்கும். ஒரு கிளாஸ் ஒயினுக்குக் கொடுக்கிற மரியாதையில் பாதியைப் பதநீருக்குக் கொடுத்தாலே போதும்.

அடுத்த கோடையில் ரோட்டோரம் பனையோலைப் பட்டையில் பதநீர் ஊத்துறதைப் பார்த்தா பேரம் பேசாம வாங்குங்க. காராச்சேவு பாக்கெட் உங்க பொறுப்பு!