மருந்து இருந்தும் தடை ஏன்?

பத்தாம் வகுப்பில் எய்ட்ஸ் பாடம் நடத்தும்போது, "மருந்துதான் இருக்கே சார், அப்புறமும் ஏன் இறக்கிறாங்க?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அதற்கு ஆப்பிரிக்க நாடான மலாவியை எடுத்துக்காட்டுவேன்.

அங்கு 2004-இல் அரசு ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியது. ஆனால், பரிந்துரைக்கப் போதிய மருத்துவர்கள் இல்லை. எனவே செவிலியர்களுக்கும் மருத்துவ உதவியாளர்களுக்கும் பயிற்சியளித்து அப்பொறுப்பை ஒப்படைத்தார்கள்.

அடுத்த தடை, சிகிச்சையைத் தொடங்கலாமா என்று முடிவுசெய்ய அப்போது உதவிய சிடி4 செல் பரிசோதனை. பெரும்பாலான கிராமச் சுகாதார நிலையங்களில் அதற்கான கருவி இல்லை. ஆகவே, அப்பரிசோதனைக்குக் காத்திராமல் தொற்றுள்ள கர்ப்பிணிகள் அனைவருக்கும் வாழ்நாள் சிகிச்சை என 2011-இல் விதியை மாற்றினார்கள். 2013-இல் உலக சுகாதார நிறுவனமும் இவ்வழியைத் தன் வழிகாட்டுதலில் சேர்த்தது.

வைரஸ் படத்தோடு பாடத்தை முடிக்காமல், மருந்து நோயாளியைச் சேரும் பாதையையும் மாணவர்களை வரையச் சொல்லலாம். பணியாளர், கருவி, போக்குவரத்து என்று எந்தக் கண்ணி அறுந்தாலும் சிகிச்சை நிற்கும் என்பது அவர்களுக்கே புரியும்.