ஐந்து வாக்கியக் கடிதம்

ஆய்வுக் கட்டுரை எழுத உட்காரும் மாணவரிடம் பேராசிரியர்கள் வழக்கமாகச் சொல்வது இதுதான்: எழுதியவர் யார், வெளியிட்ட இதழ் எது, எந்த ஆண்டு வந்தது என்று பார். பார்க்க வேண்டியதுதான். ஆனால் இவை அனைத்திலும் தேறிய ஒரு மூலமே பெருந்தீங்குக்குத் துணைபோனதை அமெரிக்கா கண்டிருக்கிறது. 1980 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழின் கடிதப் பகுதியில் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் இருவரும் ஐந்தே வாக்கியங்களில் ஒரு தகவல் தந்தார்கள். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களில் 11,882 பேருக்கு ஓபியாய்டு வகை வலிநிவாரணி தரப்பட்டது. முன்பு போதைப் பழக்கம் இல்லாதவர்களில் 4 பேர் மட்டுமே அதற்கு அடிமையானதாகப் பதிவாகியிருந்தது. இதில் பொய் ஏதும் இல்லை. அந்த மருந்தை வீட்டில் மாதக்கணக்கில் விழுங்குபவருக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றி மட்டும் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

1996இல் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரை விற்பனைக்கு வந்தது. நாள்பட்ட வலிக்கும் ஓபியாய்டைத் தயங்காமல் தரலாம் என்று வாதிட்டவர்கள் இந்தக் கடிதத்தைக் கைகாட்டினார்கள். பிற்பாடு டொராண்டோ ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது 608 வெளியீடுகள் இதை மேற்கோள் காட்டியிருந்தன. அவற்றில் 439, அடிமையாதல் அரிது என்பதற்கு இதையே சான்றாக்கின. 491 வெளியீடுகள், கடிதத்தில் வருபவர்கள் மருத்துவமனையில் இருந்த நோயாளிகள் என்பதையே சொல்லவில்லை. அமெரிக்காவில் பிறகு ஓபியாய்டால் மாண்டவர்கள் பல லட்சம். அதற்குக் காரணங்கள் பல. இந்தக் கடிதம் அவற்றுள் ஒன்றுக்கு மேற்கோளாக நின்றது.

ஆகவே ஒரு மூலம் நம்பகமானதா என்று கேட்பதோடு நின்றால் போதாது. நான் சொல்லவரும் இந்தக் கூற்றை அது தாங்குமா என்றும் கேட்க வேண்டும். இத்தனை பேர் சொல்வது தவறாகுமா என்பார்கள். அத்தனை பேரும் ஒரே கடிதத்தில் போய் முடிந்தால் சான்று ஒன்றுதான். எல்லா மூலத்தையும் முழுதாகப் படிக்க நேரம் ஏது என்ற முறையீடு நியாயமானது. ஆனால் நம் வாதம் எதன்மேல் நிற்கிறதோ, அதையாவது படித்தே ஆக வேண்டும். இந்தக் கடிதத்தைப் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஆய்விதழ், இதை ஆராயாமல் மேற்கோள் காட்டிவருகிறார்கள் என்ற ஆசிரியர் குறிப்பைக் கடிதத்தோடு இணைத்தது 2017இல். கடிதம் வெளியாகி 37 ஆண்டுகளுக்குப் பிறகு.