பழைமைப் பாணி அசைவு வரைகலை: தோற்றமும் செய்முறையும்

முன்னுரை

தொலைக்காட்சி அலைவரிசை ஒன்று தன் பெயரையும் இயல்பையும் சில நொடிகளில் உணர்த்தும் குறும்படம் அடையாளப் படம் எனப்படும். 1980களின் தோற்றத்தைத் தழுவி இத்தகைய படங்களையும் தலைப்புக் காட்சிகளையும் உருவாக்கும் போக்கு இன்று பரவலாக உள்ளது. கீறல், துகள், கோடு ஆகியவற்றை மென்பொருளில் ஒரே சொடுக்கில் சேர்க்க இயலும். ஆயினும் அவ்வாறு செய்யப்பட்டவை பல பழையனவாகத் தோன்றுவதில்லை. பழைய தோற்றம் என்பது பழைய செய்முறையின் விளைவு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

குறைகளின் பிறப்பிடம்

படச்சுருளின் குறைகள் வேறு. காணொளியின் குறைகள் வேறு. கீறல், துகள், சட்டகத்தின் மெல்லிய ஆட்டம், மிகு ஒளியைச் சூழ்ந்து பரவும் செம்மை ஆகியவை படச்சுருளுக்கு உரியவை. வண்ணக் கசிவும் கோடுகளின் பிரிவும் காணொளிக்கு உரியவை. பால் முறை ஒளிபரப்பில் நொடிக்கு 25 சட்டகங்கள் உண்டு. ஒவ்வொரு சட்டகத்தின் 625 கோடுகளும் ஒன்றுவிட்டு ஒன்றாக இரு தவணைகளில் வரையப்பட்டன. படச்சுருளில் எடுத்துக் காணொளி நாடாவில் பதிந்த படத்தில் இருவகைக் குறைகளும் இருக்கும். ஆனால் படச்சுருளின் குறை முன்னும் நாடாவின் குறை பின்னும் சேர்ந்திருக்கும். வடிவமைப்பாளர் இவ்வரிசையை மாற்றினால் பார்வையாளருக்குக் காரணம் புலப்படாவிடினும் பிழை உறுத்தும்.

ஒளியால் எழுதிய எழுத்துகள்

கணினி வரைகலை பரவுமுன், ஒளிரும் தலைப்புகள் கோடாலித் எனும் மிகைமாறுபாட்டுப் படச்சுருளின் உதவியால் உருவாயின. கருமையான தாளில் எழுத்து மட்டும் ஒளிபுகும் இடைவெளியாக இருக்கும். பின்னிருந்து ஒளி பாய்ச்சி, வண்ண வடிகட்டியிட்டு, ஒரே சட்டகத்தைப் பன்முறை பதிவு செய்வர். 2016இல் வெளிவந்த 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் தலைப்புக் காட்சியை வடிவமைத்த இமேஜினரி ஃபோர்சஸ் நிறுவனத்தார், கோடாலித் தாள்களில் எழுத்துகளை அச்சிட்டு, அவற்றினூடே ஒளி கசியும் விதத்தைப் படமெடுத்து ஆராய்ந்தனர். இறுதிக் காட்சி கணினியில் உருவானது. எனினும் அதன் ஒளி நடுக்கத்துக்கு உண்மைப் பொருளே முன்மாதிரி. அக்காட்சி 2017இல் எம்மி விருது பெற்றது.

பொருளின் உண்மை

1953இல் பிபிசிக்காக ஏப்ரம் கேம்ஸ் அமைத்த அடையாளச் சின்னம், பித்தளையாலும் பியானோக் கம்பியாலும் ஆன இயங்கு மாதிரியாகும். 1991இல் மார்ட்டின் லாம்பி-நெய்ன் நிறுவனம் பிபிசி 2 அலைவரிசைக்காக உருவாக்கிய படங்களில், '2' எனும் எண் உண்மைப் பொருளாகவே நின்றது. அதன்மீது வண்ணம் தெறித்தது. அலைவரிசையின் 50ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2014இல் அவை மீண்டும் ஒளிபரப்பப்பட்டன. எந்தக் காலத்து மென்பொருளின் முத்திரையும் அவற்றில் இல்லாமையால் அவை எளிதில் மூப்படையவில்லை.

முடிவுரை

பழைமையைத் தழுவும் வடிவமைப்பாளர் முதலில் வினவ வேண்டியது, அப்படம் எக்கருவியால் எடுக்கப்பட்டிருக்கும் என்பதே. கருவி தெளிவானால் வேகம், வண்ணம், குறை ஆகிய மூன்றும் தாமே தெளிவாகும். இவ்வினா எழாதபோது, எக்காலத்திலும் இல்லாத ஒரு கடந்தகாலமே மக்கள் நினைவில் பதியும்.