ஒரு துளி கிரீஸ் காக்கும் இணைப்பு

செங்காங் அடுக்குமாடி வீடுகளில் பழகிப்போன காட்சி இது. தொலைக்காட்சித் திரை திடீரென்று கறுத்துப்போகும். யாராவது எழுந்து பின்னால் இருக்கும் கேபிளைப் பிடுங்கி மறுபடியும் சொருகுவார்கள். படம் வந்துவிடும். சில வாரங்களில் மீண்டும் அதே கதை. கடைசியில் ‘பெட்டி போய்விட்டது’ என்று புதியது வாங்கிவிடுவோம். ஆனால் பழுது பெட்டியில் இல்லாமல், இணைப்பு முனையில் மட்டுமே இருந்திருக்கலாம்.

பளபளப்பாகத் தெரியும் உலோக முனையை நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். இரு முனைகள் சேரும்போது சில மேடுகள் மட்டுமே ஒன்றையொன்று தொடும். மின்சாரம் முழுவதும் அந்தப் புள்ளிகள் வழியாகத்தான் பாய்கிறது.

கருவி சூடாகி ஆறும்போது உலோகமும் பிளாஸ்டிக்கும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குகின்றன. அதனால் முனைகள் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு நகர்ந்து உரசுகின்றன. வெள்ளீயம் பூசிய முனையில் ஒவ்வோர் உரசலிலும் புதிய உலோகம் வெளிப்பட்டு, ஆக்சிஜனுடன் சேர்ந்து கடினமான துகளாகிறது. துகள் சேரச் சேர மின்தடை ஏறும். இதற்கு உரசல் அரிப்பு என்று பெயர். பிடுங்கிச் சொருகினால் துகள் விலகும், நோய் தீராது.

தங்கம் பூசிய முனைக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை. அந்தப் பூச்சின் தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதன் நுண்துளைகள் வழியே ஈரம் அடியிலுள்ள உலோகத்தை எட்டிவிடும். சிங்கப்பூரில் விடியற்காலை ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது. மழையில்லாத பிற்பகலில்தான் 60 விழுக்காட்டை ஒட்டி இறங்குகிறது.

இங்கேதான் மின்தொடர்புக்கென்றே செய்யப்பட்ட மசகுப்பொருள் உதவுகிறது. அது உரசலைக் குறைக்கிறது. காற்றையும் ஈரத்தையும் தடுக்கிறது. ‘கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாதே, இணைப்பு அறுந்துவிடாதா?’ என்று கேட்கலாம். முனைகள் அழுந்தும்போது மேடுகளுக்கு நடுவே இருக்கும் கிரீஸ் பிதுங்கி விலகிவிடுகிறது. உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. சுற்றிலும் கிரீஸ் வேலியாக நிற்கிறது.

செய்யும் முறை எளிது. முதலில் மின்சாரத்தை நிறுத்திக் கருவியின் இணைப்பைத் துண்டியுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் முனையைத் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு மிக மெல்லிய படலமாகத் தடவுங்கள். அதிகமானால் தூசு ஒட்டும். சமையல் எண்ணெயும் வாகன கிரீஸும் வேண்டாம். சில எண்ணெய்கள் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கெடுத்துவிடும். தீப்பொறி எழும் சுவிட்சுகளுக்கு சிலிக்கோன் கிரீஸ் ஆகாது. அது சிதைந்து மின்கடத்தாப் படிவாக மாறும். கருகிய அல்லது சூடேறும் பிளக்கைத் தடவிச் சரிசெய்யப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். சுவரிலுள்ள மின்செருகியை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள்.

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்னணுக் கழிவு சேர்கிறது. அடுத்த முறை திரை கறுத்தால், புதியது வாங்கக் கிளம்புமுன் பின்னால் இருக்கும் முனையை ஒருமுறை துடைத்துப் பாருங்கள்.