ஏலம் கூறுமுன்

நாளிதழைக் கையிலெடுப்போர் பலரும் படியாமலே புரட்டிச் செல்லும் பக்கம் ஒன்றுண்டு. வங்கிகளின் ஏல அறிவித்தல்கள் அங்கே சிறிய எழுத்தில் அடுக்கப்பட்டிருக்கும். இன்ன மாவட்டம், இன்ன கோயிற்பற்று, இன்ன இறை, இன்ன பெயருடைய காணி. வடக்கே இன்னார் காணி, கிழக்கே ஒழுங்கை. இதனுள் அடங்கிய வீடு, கிணறு, பயன்தரு மரங்கள் யாவும் என்று நொத்தாரிசின் நடையில் அவ்வறிவித்தல் நடக்கும். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை உழைப்பு பத்து வரிகளில் அடங்கிவிடும்.

ஆசிரியத் தொழிலினின்றும் ஓய்வுபெற்றபின், அயலவர் கொண்டுவரும் கடிதங்களைப் படித்து விளக்குவதும் மறுமொழி எழுதிக் கொடுப்பதும் எனக்குப் பழக்கமாகிவிட்டன. அவற்றுள் வங்கிக் கடிதங்களே பெரும்பாலன. அவற்றைப் படித்த அனுபவத்தைக்கொண்டு ஒன்றை உறுதியாகக் கூறுவேன்: ஏலத்திற் போகும் வீடுகளிற் பல, கடனாற் போவனவல்ல, காலதாமதத்தாற் போவன. சட்டம் கடனாளிக்குச் சில வாயில்களைத் திறந்தே வைத்திருக்கிறது. ஆயின், அவை நாட்செல்லச் செல்ல ஒவ்வொன்றாக மூடப்படும் வாயில்கள்.

ஈடு என்பது யாது?

ஈடு வைத்தவர் தம் நிலத்தின் உரிமையை இழப்பதில்லை. கடனுக்குப் பிணையாக அதனைக் கட்டிவைக்கிறார், அவ்வளவே. தவணை தவறினால் ஈடு தானாகவே கடன் கொடுத்தவனுக்குச் சொந்தமாகும் என்று எழுதிக்கொள்ளும் கொடுமையை உரோமப் பேரரசன் கொன்ஸ்தாந்தீன் 4ஆம் நூற்றாண்டிலேயே தடைசெய்தான். அக்கொள்கை உரோமன்-டச்சுச் சட்டத்தின் வழியாக இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. எனவே, ஈட்டுறுதியைக் கையில் வைத்திருப்பவர் ஒருநாட் காலையில் வந்து, "வீடு இனி என்னுடையது" என்று கூற இயலாது. 1949ஆம் ஆண்டின் ஈட்டுச் சட்டப்படி அவர் நீதிமன்றத்திற் சென்று வழக்கிட்டுத் தீர்ப்புப் பெறவேண்டும், அதன்பின்னரே ஏலம். ஏலத்திற் கிடைத்த பணம் கடனையும் செலவையும் விஞ்சுமாயின் மிகுதி வீட்டுக்காரருக்கே உரியது. குறையுமாயின் எஞ்சிய கடன் அவர் தலையிலேயே நிற்கும்.

யாழ்ப்பாணத்து ஒற்றி இதனின்றும் வேறானது. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையில் அதற்கு இடமுண்டு. ஒற்றி வாங்கியவர் வட்டிக்குப் பதிலாக நிலத்தின் விளைவை அனுபவிப்பார். முதலைத் திருப்பிக் கொடுத்ததும் நிலம் உரியவரிடம் மீளும். அங்கே வட்டி குட்டிபோடுவதில்லை. இன்றைய வீட்டுக்கடனோ மாதந்தோறும் வளர்வது.

வங்கிகளுக்குச் சட்டம் தனிவழி ஒன்றையும் அமைத்துக் கொடுத்திருக்கிறது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி, தவணை தவறிய கடனுக்கு வழக்கிடாமலே, பணிப்பாளர் சபையின் தீர்மானம் ஒன்றினால் வங்கி ஈட்டை ஏலத்தில் விற்கலாம். பத்திரிகைகள் இதனைப் 'பராட்டே' என்று எழுதும். 2011இல் இச்சட்டம் திருத்தப்பட்டு, முதல் 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடன்களுக்கு இவ்வழி பொருந்தாதென வரம்பிடப்பட்டது. 2024இல் பாராளுமன்றம் இவ்வதிகாரத்தையே சிலகாலம் நிறுத்திவைத்தது. காலத்துக்குக் காலம் மாறும் விதியாதலால், தம் கடன் எவ்வரம்புக்குள் நிற்கிறதென்பதை ஒவ்வொருவரும் சட்டத்தரணியிடம் கேட்டறிதல் நன்று.

இவ்வழியிலும் ஏலம் இரவோடிரவாக வருவதில்லை. சபையின் தீர்மானம் வர்த்தமானியிலும் மூன்று மொழி நாளிதழ்களிலும் வெளியாகவேண்டும். கடனாளிக்கும் தபாலில் அனுப்பப்படவேண்டும். அதன்பின் ஏல நாளைக் குறித்துத் தனி அறிவித்தல் வரும். அந்நாளுக்கு முன்னர் கடனும் வட்டியும் செலவும் செலுத்தப்படுமாயின் வீட்டை விற்கலாகாது. வங்கியே ஏலத்தில் வாங்கிக்கொண்டாலும், அதனை மறுபடி பிறருக்கு விற்குமுன் கடனாளி முழுவதையும் செலுத்தினால் அவ்விற்பனையை நீக்கும் அதிகாரம் சபைக்கு உண்டு. கடைசி வாயிலும் ஓரளவு திறந்தே கிடக்கிறது. ஆனால் அங்கே கேட்கப்படுவது முழுத்தொகை. முதல் வாயிலிற் கேட்கப்பட்டதோ சில மாதத் தவணை மட்டுமே.

வட்டியும் ஆண்டும்

2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டிக்குக் கடன்பட்டோரின் தலையில் அன்று விழுந்த சுமையை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். 60 இலட்சம் ரூபா, 20 ஆண்டுத் தவணை, நூற்றுக்கு 10 வட்டி என்று கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 57,900 ரூபா. வட்டி நூற்றுக்கு 20 ஆனால் அத்தவணை ஏறத்தாழ 1,01,900 ரூபாவாகும். சம்பளமோ அதே சம்பளம்.

இந்நிலையில் வங்கிக்குச் செல்வோர் பெரும்பாலும் கேட்பது, "ஆண்டுகளைக் கூட்டித் தாருங்கள்" என்பதே. கணக்கு வேறொன்றைக் கூறுகிறது. நூற்றுக்கு 20 வட்டியில் 60 இலட்சத்துக்கு மாத வட்டி மட்டுமே ஓர் இலட்சம் ரூபா. ஆகவே 20 ஆண்டை 30 ஆண்டாக நீட்டினாலும் தவணை 1,00,300 ரூபா அளவிலேயே நிற்கும். பத்தாண்டு அடிமைத்தனத்துக்கு மாதம் 1,600 ரூபா நிவாரணம்! அதற்கு மாறாக, வட்டி 13 ஆகக் குறைந்து, காலம் 25 ஆண்டாக நீண்டால், தவணை ஏறத்தாழ 67,700 ரூபாவாக இறங்கும். எனவே கேட்கவேண்டியது முதலில் வட்டிக் குறைப்பு. அடுத்ததாகத் தண்ட வட்டித் தள்ளுபடி. அதற்கும் பின்னரே ஆண்டு நீட்டிப்பு. வட்டி வீதங்கள் நாட்டில் இறங்கிய பின்னரும் தம் கடனில் பழைய வீதமே நிற்கிறதா என்று பார்க்காதவர் பலர். எழுத்திற் கேட்டால் எழுத்தில் மறுமொழி வரும். வாயாற் கேட்டதற்குச் சான்றில்லை.

கடன் மறுசீரமைப்பை வங்கி மறுக்குமாயின், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்திடமும், நிதி ஒம்புட்ஸ்மனிடமும் முறையிடலாம். வசதியற்றோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. இவை வங்கியின் கையைக் கட்டுவனவல்ல. ஆயினும் நேர்மையான விண்ணப்பமொன்று கவனிக்கப்படாமற் கிடக்குமாயின் அதனை மேசைக்குக் கொண்டுவருவன.

எவ்வகையாலும் தவணை கட்ட இயலாதென்று தெரிந்தால், தாமே விற்பது ஏலத்திலும் மேலானது. ஏலத்திற்கு வருபவன் மலிவை நாடி வருபவன்; வீட்டை நேராகப் பார்த்து வாங்குபவன் வீட்டின் விலையைக் கொடுப்பவன். வங்கியின் இணக்கத்தோடு காணியில் ஒரு பகுதியைப் பிரித்து விற்று, வீட்டை மீட்டுக்கொள்வதும் உண்டு. ஆனால் யாழ்ப்பாணத்தில் இதற்கும் நாள் வேண்டும். தேசவழமைக்கு உட்பட்ட காணியில் உடன்பங்காளருக்கு முதற்கொள்வனவு உரிமையுண்டு. 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி அவர்களுக்கு முன்னறிவித்தல் கொடுத்தாக வேண்டும். ஏல நாள் குறித்தபின் இவ்வளவுக்கும் அவகாசம் ஏது?

அறுதி என்னும் பொறி

வங்கிக் கடிதம் வந்ததும் சிலர் ஓடுவது தனியார் வட்டிக்காரரிடம். அவர் பணம் தருவார். ஆயின் ஈட்டுறுதி கேட்கமாட்டார். "காணியை என் பேருக்கு அறுதியாக எழுதித் தாருங்கள், இரண்டு வருடத்தில் பணத்தைத் தந்தால் திருப்பி எழுதித் தருகிறேன்" என்பார். கேட்பவருக்கு அதுவும் ஈடுபோலவே தோன்றும். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு. ஈட்டில் தவணை தவறினால் ஏலம். அறுதியில் தவணை தவறினால் ஏலமுமில்லை, மிகுதிப் பணமுமில்லை, வீடும் இல்லை. உரோமப் பேரரசன் வாசலில் மூடிய கொடுமை கொல்லைப்புறத்தால் நுழைவது இவ்வாறே.

இதற்கும் பரிகாரம் முற்றாக இல்லாமற் போகவில்லை. 1941ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் எழுந்த கடன் இணக்கச் சபை, இத்தகைய நிபந்தனை விற்பனைகளையும் விசாரிக்கும். ஆனால் மீட்புத் தவணை முடியுமுன் விண்ணப்பம் செல்லவேண்டும். 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவின்படி, உறுதியில் விற்பனை என்றிருந்தும் உண்மையில் விற்கும் எண்ணமே இருந்ததில்லை என்று சூழ்நிலை காட்டுமாயின், வாங்கியவர் அந்நிலத்தை விற்றவரின் நன்மைக்காகவே வைத்திருப்பவராவார். நீதிமன்றங்கள் அப்போது எவற்றைப் பார்க்கின்றன? விலை அடிமாட்டு விலையா, விற்றவரே தொடர்ந்து குடியிருந்தாரா, மாதந்தோறும் வட்டி கொடுத்தாரா என்பவற்றை. ஆகவே வட்டி கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காதவர் தம் சாட்சியைத் தாமே அழிக்கிறார். தனியாரிடம் கடன்பட்டோர் இன்னுமொன்றை நினைவிற் கொள்ளலாம்: மீளப்பெறும் வட்டி முதலை விஞ்சலாகாது என்பது 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் விதி. மனச்சாட்சிக்கு ஒவ்வாத கடன் பேரங்களை மீளத் திறந்து பார்க்கும் அதிகாரத்தை 1918ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் நீதிமன்றத்துக்கு வழங்கியிருக்கிறது.

திறவாத கடிதங்கள்

இத்தனை வாயில்கள் இருந்தும் மக்கள் ஏன் நுழைவதில்லை? அறியாமை ஒரு காரணம்; அதனினும் பெரிய காரணம் வெட்கம்.

ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர், வங்கியொன்றிலிருந்து வந்த ஒன்பது கடிதங்களை ஒரு கட்டாகக் கட்டி என்னிடம் கொண்டுவந்தார். அவற்றுள் ஒன்றுமே திறக்கப்பட்டிருக்கவில்லை. மேல்மாடி கட்டவும் மகளின் திருமணச் செலவுக்கும் பெற்ற கடன். வீடு மனைவியின் சீதனம். எங்கள் வழக்கப்படி மனைவியின் காணியை ஈடு வைக்கக் கணவனின் சம்மதம் வேண்டும். இங்கே கணவனின் தேவைக்காக மனைவி கையொப்பமிட்டிருந்தார். தவணைகள் தவறியது அந்த அம்மாவுக்குத் தெரியாது.

"ஏன் திறக்கவில்லை?" என்றேன்.

"திறந்தால் மேசையிலை கிடக்கும், மாஸ்டர். மனுசி கண்டிடுவா. தாய் தகப்பன் குடுத்த வீடு எண்டு ஒரு வார்த்தை சொன்னால் நான் என்ன செய்யிறது?" என்றார்.

கடிதங்களை நாள்முறைப்படி அடுக்கி ஒவ்வொன்றாகத் திறந்தோம். முதலாவது கடிதம் அவரை நேரில் வந்து, தவணைகளை மாற்றியமைப்பதுபற்றிப் பேசுமாறு அழைத்தது. மூன்றாவதும் அவ்வாறே. ஆறாவதில் அந்த அழைப்பு இல்லை. ஒன்பதாவது, சபையின் தீர்மானம். எட்டு மாதங்களுக்கு முன் இரண்டு தவணைப் பணத்தோடு முடிந்திருக்கக்கூடிய காரியம், இப்போது பின்வளவில் நான்கு பரப்பை மைத்துனருக்கு விற்றுத்தான் முடிந்தது. வீடு நின்றது. வளவின் மாமரங்களும் கிணற்றடியும் போயின. அந்த அம்மா சொன்னது ஒன்றே: "இதை அண்டைக்கே சொல்லியிருந்தால் என்ரை தாலிக்கொடியைக் கழற்றித் தந்திருப்பனே." கணவர் எவரிடமிருந்து மறைத்தாரோ, அவரிடமே முதல் உதவி இருந்தது.

கடன் மறைக்கவேண்டிய நோயன்று. பள்ளியிற் கூட்டுவட்டிக் கணக்கைக் கற்பிக்கிறோம். ஆனால் அதே கணக்கு வங்கிக் கடிதமாக வீட்டுக்கு வரும்போது, படித்தவரும் அதனைத் திறக்க அஞ்சுகின்றனர். க.பொ.த. வகுப்பு மாணவருக்கு, மேலே காட்டிய 60 இலட்சக் கணக்கைப் போன்ற ஒன்றை ஆசிரியர்கள் கரும்பலகையில் செய்து காட்டுவார்களாக. ஈட்டுறுதிக்கும் அறுதியுறுதிக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பாடவேளையில் விளக்கிவிடலாம்.

ஊர்தோறும் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. நாளிதழ்கள் வந்து குவிகின்றன. மாதத்தில் ஒரு மாலைப்பொழுது, சட்டமறிந்த ஒருவரும் கணக்கறிந்த ஒருவரும் அங்கே அமர்ந்து, வருபவரின் கடிதத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்துச் சொல்லட்டும். ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சுபவருக்கு அந்தச் சாத்திய கதவு வேண்டும். ஏல அறிவித்தலில் பெயர் வந்தபின் ஊர் முழுவதும் அறியும். அதற்கு முன் ஒருவரிடம் சொல்வதில் இழப்பதற்கு என்ன இருக்கிறது?