நடந்து போகும் தூரத்தில் இருந்த வேலை

டெல்லி ஜங்புராவில், பாரபுல்லா கால்வாயை ஒட்டி ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் இருந்தது மதராசி கேம்ப் என்ற குடிசைப் பகுதி. அங்கிருந்த தமிழ்ப் பெண்கள் பலர் ஜங்புரா, நிஜாமுதீன் பகுதி வீடுகளில் பாத்திரம் தேய்த்து, பெருக்கித் துடைத்து, சமைத்துப் பிழைத்தார்கள். சம்பளம் குறைவு, விடுப்புக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் சிறு பிள்ளை வைத்திருக்கும் தாய்க்கு அதில் ஒரு வசதி இருந்தது. காலையில் இரண்டு வீடு, மாலையில் இரண்டு வீடு என்று வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். நடுவில் நடந்தே வீட்டுக்கு வந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டலாம். அவசரத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா இருந்தார். லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியும் எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

2025 ஜூன் 1 அன்று கேம்ப் இடிக்கப்பட்டது. மழைக்காலத்தில் கால்வாய் அடைத்து வெள்ளம் தேங்குகிறது என்பதால், டெல்லி உயர் நீதிமன்றம் மே மாதம் அதற்கு உத்தரவிட்டிருந்தது. சுமார் 370 குடும்பங்களில் 189 குடும்பங்களுக்கு மட்டுமே மாற்று வீடு பெறத் தகுதி உண்டு என்று முதலில் முடிவானது. அந்த வீடுகள் இருப்பது நரேலாவில். ஜங்புராவிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர்.

பஸ் மாறிப் போக இரண்டு மணி நேரம், திரும்பி வர இரண்டு மணி நேரம். டெல்லி அரசுப் பேருந்தில் 2019 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பணம் மிச்சம், பொழுது மிச்சமில்லை. இடையில் வீட்டுக்கு வந்து போவது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போகிறது. பழைய வேலையை விடாமல் பிடித்துக்கொள்ளும் தாய், பிள்ளை விழிக்குமுன் கிளம்ப வேண்டும். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்றுகூட நரேலாவில் இல்லை.

இந்தியா முழுவதும் நேரக் கணக்கு பெண்ணுக்கு ஏற்கெனவே பாதகமானதுதான். 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, 15 முதல் 59 வயதுக்குட்பட்ட பெண்களில் சம்பளமில்லா வீட்டு வேலை செய்பவர்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 305 நிமிடம் செலவிடுகிறார்கள். குடும்பத்தாரைப் பராமரிக்கும் பெண்களுக்கு அதற்கென 140 நிமிடம் போகிறது. அதே வேலையைச் செய்யும் ஆண்களுக்கு 74 நிமிடம். இந்தச் சுமையின் மேல் நான்கு மணி நேரப் பயணத்தையும் ஏற்றினால் முதலில் பறிபோவது தாயின் தூக்கம், அடுத்தது பிள்ளையோடு இருக்கும் நேரம்.

சட்டமும் கைகொடுப்பதில்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் நடத்த வேண்டும் என்றது 2017ஆம் ஆண்டின் மகப்பேறு சட்டத் திருத்தம். வீட்டு வேலை செய்பவருக்கு ‘நிறுவனம்’ என்பது ஒரு சமையலறை. இவர்களுக்கான தனிச் சட்டம் பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொன்னது.

மறுகுடியமர்வு என்றால் சதுர அடிக் கணக்கு மட்டும் போதாது. தாய்மார்கள் வேலை செய்யும் இடம் எவ்வளவு தூரம், அவர்கள் திரும்பும்வரை பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்பதைக் கேட்டறிந்த பிறகே வீட்டை ஒதுக்க வேண்டும். நரேலாவுக்குப் போனவர்களுக்காக, அங்கே மாலை வரை திறந்திருக்கும் காப்பகம் ஒன்றையாவது அரசு உடனே தொடங்க வேண்டும்.