குளிரில் கிளம்பாத டீசல் வண்டி

லடாக்கிலுள்ள லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. குளிர்கால விடியலில் அங்கே வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே 15 டிகிரி வரை இறங்குவதுண்டு. அத்தகைய ஒரு காலையில், நோயாளி ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப் பழைய டீசல் ஜீப் ஒன்று காத்திருப்பதாகக் கொள்வோம். டிரைவர் சாவியைத் திருப்புகிறார். எஞ்சின் வேகமாகச் சுழல்கிறது; பின்னால் வெண்புகை வருகிறது; ஆனால் எஞ்சின் கிளம்பவில்லை. அவர் மீண்டும் மீண்டும் முயல, பாட்டரியும் ஓய்ந்துவிடுகிறது. அவர் செய்த பிழை யாது?

பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியலறிஞர் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றியுடன் இயக்கிக் காட்டிய எஞ்சினிலோ மின்பொறிக்கு வேலையில்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கையில் பம்பு சூடாவதை நாம் அறிவோம். அவ்வாறே டீசல் எஞ்சினில் பிஸ்டன் காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக அழுத்துகிறது. காற்று 500 டிகிரிக்கும் மேல் சூடேறுகிறது. அதில் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது.

ஆகவே எஞ்சின் கிளம்ப வேகம், எரிபொருள், வெப்பம் ஆகிய மூன்றும் வேண்டும். குளிர் மூன்றையுமே தாக்கவல்லது. எது குறைந்துள்ளது என்பதை எஞ்சினே அறிவிக்கும்.

எஞ்சின் முனகியவாறு மெல்லச் சுழன்றால், குறை வேகத்தில் உள்ளது. குளிரில் பாட்டரியின் இரசாயன வினை தளர்கிறது. எஞ்சின் ஆயிலோ தடித்துவிடுகிறது. பாட்டரி முனைகளில் படிந்த உப்பைத் துடைத்து, இணைப்புகளை இறுக்கி, மின்னேற்றத்தைச் சோதிக்க வேண்டும்.

வேகமாகச் சுழன்றும் புகையே வராவிடில், எரிபொருள் வந்து சேரவில்லை. டீசலில் கரைந்துள்ள மெழுகு குளிரில் திரண்டு பில்டரை அடைத்திருக்கலாம். அன்றி, வெடித்த ரப்பர்க் குழாய் வழியே காற்றுப் புகுந்திருக்கலாம். அடைபட்ட பில்டரை மாற்றி, கைப் பம்பினால் டீசலை ஏற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

வேகமாகச் சுழன்று வெண்புகை மட்டும் வந்தால், டீசல் உள்ளே சென்றும் எரியவில்லை. குளிர்ந்த உலோகச் சுவர்கள் காற்றின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கின்றன. இதற்கென்றே பல எஞ்சின்களில் குளோ பிளக் என்னும் சூடேற்றும் உறுப்பு உண்டு. பழைய வகை சூடேற அரை நிமிடமளவும் ஆகலாம். அவை பழுதின்றியும் குறை நீடித்தால், பிஸ்டன் வளையங்களோ வால்வுகளோ தேய்ந்திருக்கக் கூடும்.

டாங்கியின் அடியில் தீ மூட்டுவது உயிருக்கே ஆபத்து. குளோ பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் தெளிப்பதும் அத்தகையதே. மெழுகு திரளும் முன்னரே குளிர்கால டீசலை நிரப்புவதுதான் நெறி. பூஜ்யத்திற்குக் கீழே 33 டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019-இல் லடாக்கில் அறிமுகப்படுத்தியது.

இனி நம் டிரைவரிடம் திரும்புவோம். வேகம் இருந்தது, வெண்புகை, டீசல் வந்ததையும் காட்டிற்று. குறைந்தது வெப்பம் ஒன்றே. குளோ பிளக்குகள் நல்ல நிலையில் இருந்திருந்தால், அரை நிமிடப் பொறுமையே போதுமாயிருந்திருக்கும். அவரோ புகையைத் திரும்பிப் பாராமல், இருந்த மின்சாரத்தையும் செலவிட்டுவிட்டார். அறிகுறியைக் கண்டு காரணத்தைத் தெளிந்த பின்னரே கருவியில் கை வைக்க வேண்டும். மருத்துவருக்கு உரிய இவ்விதி, எஞ்சினைப் பழுது பார்ப்பவருக்கும் உரியதே.